வலைக்கூண்டில் என் பூட்டு

பூட்டு என்னுடையது. பித்தளைப் பூட்டு, என் விதை அறைக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிக் கொண்டுபோய், விதைச் சோதனை நிலையத்தின் வலைக்கூண்டுக் கதவில் என் கையாலேயே மாட்டினேன். சாவியைச் சட்டையின் உள்பையில் போட்டு ஊக்கு குத்திக்கொண்டேன்.

"ஐயா, இது நிலையத்தோட கூண்டு" என்றாள் அங்கே சோதனை பார்க்கும் பெண்.

"இருக்கட்டும்மா. உள்ள இருக்கிற விதை என்னுது."

கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பாள். அதனால் அவளுக்கு நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை.

"நாளைக்கு எவனாவது உள்ள பூந்து நாலு பூச்சியை விட்டுட்டு, 'பாரு உன் விதை லட்சணத்தை'ன்னு சொன்னா நான் யார்கிட்டப் போய் அழறது?" என்று கேட்டேன்.

கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். "நல்ல யோசனைதான். போடுங்க" என்று சொல்லிவிட்டாள். அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. சண்டைக்கு வராதவர்களை நான் நம்புவதில்லை.

விஷயம் இதுதான். நான் தட்டைப்பயறு விளைவிப்பவன், தின்பதற்கு இல்லை, விதைக்கு. என் மனைவியின் தம்பி விதைக்கடை வைத்திருக்கிறான். என் மூட்டைகள் அவன் கடை வழியாகத்தான் வெளியே போகும். போன வருஷம் என் மகளும் மாப்பிள்ளையும் நிலம் குத்தகைக்கு எடுத்து என் விதையைப் போட்டார்கள். இலையெல்லாம் பச்சையும் வெளிறலுமாகத் திட்டுத்திட்டாகி, ஓரம் கிண்ணம் மாதிரி குழிந்துகொண்டது. காய் கோணிக்கொண்டு குட்டையாக நின்றுவிட்டது. தேமல் நோய். மாப்பிள்ளை என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே சொன்னார்.

"மாமா, நோய் உங்க விதையிலதான் வந்துச்சு."

"அசுவினிப் பூச்சி வந்து இலைக்கடியில குடும்பம் நடத்துறப்போ தூங்கினது நீங்க மாப்பிள்ளை. என் விதை என்ன பண்ணும்?"

வார்த்தை தடித்துவிட்டது. அன்று போன மகள் என் வாசலை மிதிக்கவில்லை. போன் செய்தால் 'ம்', 'சரிப்பா', 'வைக்கிறேன்'. மூன்று சொல்லில் ஒரு வருஷம் ஓட்டினாள்.

இந்த வருஷமும் அதே நிலம்தான். இதுவும் போனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் நகரத்துக்கு, ஏதாவது தொழிற்சாலை வேலைக்குப் போவதாக முடிவு. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. மைத்துனன் சொல்லித்தான் தெரிந்தது. மாப்பிள்ளை என் விதை வேண்டாம் என்றார். மகள், போட்டால் அப்பா விதை, இல்லையென்றால் தரிசாகக் கிடக்கட்டும் என்றாளாம். கடைசியில், சோதித்துப் பார்த்துவிட்டுப் போடலாம் என்று அவர்களுக்குள் ஒரு சமாதானம். நானும் ஒப்புக்கொண்டேன். என் விதை தேறும் என்பதில் எனக்குத் துளி சந்தேகமில்லை. சோதிக்கிறவர்கள் மேல்தான் சந்தேகம்.

விதை மூட்டையை முன்கூட்டியே மகள் வீட்டில் இறக்கிவிட்டேன். அவள் வெளியே வந்து, "அங்க வைங்கப்பா" என்றாள். நான்கு சொல்லாகவில்லை, ஆனாலும் போனில் இல்லாமல் நேரில் கேட்டேன்.

கூண்டுக்கு இரண்டு கதவு. முதல் கதவைச் சாத்திவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். வலைக் கண்ணில் ஊசிமுனைகூடக் கஷ்டப்பட்டுத்தான் நுழையும். பூட்டு என்னுடையது என்பதால் தண்ணீர் ஊற்றவும் நான் தினமும் போய்த் திறந்துவிட வேண்டியதாயிற்று.

முதல் நாளே, "துண்டை வெளியே வெச்சுட்டு வாங்க" என்றாள்.

"என் துண்டு என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

"நேரா பயறு வயல்ல இருந்து வர்றீங்க. அதுல அசுவினி சவாரி வரும்."

துண்டு போயிற்று, சட்டை போயிற்று. கையைக் கழுவச் சொல்லி ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டாள். கண்ணாடிக் கதவில் பார்த்தால் முடிவெட்டுகிறவன் மாதிரி இருந்தேன். சாவியையும் போனையும் மட்டும் கோட்டுப் பைக்கு மாற்றிக்கொண்டேன்.

இரண்டு தட்டு. ஒன்றில் என் விதை, என் டப்பாவிலிருந்து நானே எண்ணிப் போட்டது, நூறு. பக்கத்தில் நிலையத்து விதை, அதுவும் நூறு. ஒரே மண், ஒரே தண்ணீர். பூச்சி வந்தால் மாட்டிக்கொள்ள மேலே ஒரு மஞ்சள் ஒட்டு அட்டை தொங்கியது.

"விதையில நோய் வருமா வராதா? ஒரே பேச்சா சொல்லும்மா" என்றேன்.

"ஒரே பேச்சா சொல்ல முடியாதுங்கய்யா. சிலது விதையில வரும். சிலது பூச்சியில மட்டும்தான் வரும். வெள்ளை ஈ கொண்டுவர்ற மஞ்சள் நோயைப் பத்தி எங்க ஆளுங்களுக்குள்ளயே இன்னும் வாக்குவாதம். உங்களுது எந்த வைரஸ்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா சம்பளம் குடுக்கிறாங்க?"

"பாதிச் சம்பளம் அதுக்குத்தான்" என்று சிரித்தாள். அப்புறம் விரலால் மண்ணை அழுத்திக்கொண்டே, "விதைக்குச் செடியை எப்படிப் பொறுக்குவீங்க?" என்று கேட்டாள்.

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். நோய் எல்லார் வயலிலும் கொஞ்சம் வரும். வந்த செடி சிலது செத்தமாதிரி குறுகிவிடும். சிலது தேமலைத் தாங்கிக்கொண்டு காய்த்துத் தள்ளும். அந்தச் செடியாகத் தேடிச் சிவப்புத் துணி நாடா கட்டுவேன். அதில் வரும் காயைத்தான் விதைக்கு எடுப்பேன். சின்னப் பெண்ணாக இருந்தபோது நாடா கிழித்துக் கொடுத்தவள் என் மகள்தான். ஊரில் வேறு யாருக்கும் இந்தப் பொறுமை கிடையாது.

"நோய் வந்த செடியிலயா எடுப்பீங்க?"

"வந்து, தாங்கி, ஜெயிச்ச செடியிலம்மா. அடிவாங்கி நிக்கிறவனோட பிள்ளைதானே நாளைக்கு அடிதாங்குவான்?"

அவள் விரல் மண்ணிலேயே நின்றுவிட்டது. படித்தவளின் வாயை அடைத்துவிட்டோம் என்று எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

முளை வந்தது. முதல் ஜோடி இலை விரிந்தது. தடித்த, நல்ல பச்சை. தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு புள்ளி இல்லை. அன்றைக்கே மகளுக்குப் போன் செய்தேன்.

"முக்காவாசி முடிஞ்ச மாதிரிதாம்மா. இலை கண்ணாடி மாதிரி இருக்கு."

"நிஜமாப்பா?" என்றவள் சிரித்தாள். "அவர்கிட்டச் சொல்றேன். உங்க பூட்டு விஷயத்தைக் கேட்டு ஏற்கெனவே விழுந்து விழுந்து சிரிச்சாரு."

"சிரிக்கட்டும் சிரிக்கட்டும்."

பூதக்கண்ணாடி மட்டும், "இப்பவே எதுவும் சொல்லாதீங்கய்யா. மூணு இலையா பிரிஞ்சு ஒரு இலை வரும் பாருங்க, அதுலதான் முகம் தெரியும்" என்றாள். வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன்.

மழை முந்திக்கொண்டது. யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் நல்ல உழவு மழை. மறுநாள் நான் நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் மண் கறுத்துக் கிடந்தது. வண்டிகளில் விதை மூட்டைகள் முந்திக்கொண்டு ஓடின. தெருமுனையில் ஒரு டிராக்டர், சக்கரமெல்லாம் ஈர மண்ணோடு, அடுத்த வயலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இந்த ஈரம் இரண்டு நாள் நிற்கும். அதற்குள் போட்டால் போட்டது.

மைத்துனன் நிலைய வாசலில் குடையோடு நின்றான்.

"அத்தான், இன்னைக்கு முடிச்சுவிட்டுடுங்க. கடை வாசல்ல கால் வைக்க இடமில்ல. உங்க விதைதான் வேணுங்கிறாங்க."

"நான் என்ன மந்திரமா போடறேன்? வா, வந்து பார்."

அவனுக்கும் ஒரு வெள்ளைக் கோட்டு. மூன்று பேரும் உள்ளே போனோம். பூதக்கண்ணாடி முதலில் நிலையத்துத் தட்டைக் காட்டினாள். மூவிலை விரிந்து, ஒரே பச்சையாக, தட்டையாக இருந்தது. அப்புறம் என் தட்டு. முதல் வரிசை அதேபோல. நான் மைத்துனனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன். இரண்டாவது வரிசையில் ஒரு செடி. நரம்பை ஒட்டிக் கரும்பச்சை. நரம்புக்கு நடுவே வெளிறல். ஓரம் லேசாக உள்ளே குழிந்திருந்தது.

என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டேன். செடி மாறவில்லை. அதற்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. மூலையில் ஒன்று. எனக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. மொத்தம் ஆறு.

"பூச்சி" என்றேன். "பூச்சி உள்ள வந்திருக்கு."

அவள் கழுத்திலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "தேடுங்கய்யா."

தேடினேன். ஆறு செடியின் இலையையும் புரட்டினேன். தண்டு, கணு, குருத்து எல்லாம் பார்த்தேன். பக்கத்துச் செடிகளைப் பார்த்தேன். மஞ்சள் அட்டையைக் கழற்றி வெளிச்சத்துக்குக் காட்டி அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். கோட்டிலிருந்து உதிர்ந்த ஒரு நூல் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் அசுவினியைத் திட்டித் தீர்த்தவன் நான். அன்று ஒரே ஒரு அசுவினியைக் காட்டு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். வலையை விரலால் தடவிக்கொண்டே நான்கு பக்கமும் சுற்றினேன். கிழிசல் இல்லை. அப்படியே பூச்சி வந்திருந்தாலும், இது யார் தட்டு என்று கேட்டா உட்கார்ந்திருக்கும்? அடுத்த தட்டில் ஒரு திட்டு கிடையாதே.

யாரோ உள்ளே புகுந்தார்கள் என்று சொல்லலாமென்றால், பூட்டு என்னுடையது. சாவி என் பையில்.

"போட்டோ எடுக்கணும். கேமரா ஆபீஸ்ல இருக்கு. எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள். இரண்டு கதவும் அடுத்தடுத்துச் சாத்திக்கொண்ட சத்தம் கேட்டது.

மைத்துனன் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்தான்.

"அத்தான், நூத்துல ஆறு. இதெல்லாம் ஒரு கணக்கா? கிள்ளி எடுத்துக் கோட்டுப் பையில போடுங்க. முளைக்காத குழி ஆறுன்னு நெனைச்சுக்குவா."

"அவ பார்த்துட்டா."

"பார்த்தா? கையில ஆதாரம் இருக்கணுமில்ல? உங்க பேச்சு, அவ பேச்சு. ஊர்ல யார் பேச்சு எடுபடும்?"

அவன் சொன்னது சரிதான். என் பேச்சுதான் எடுபடும். என் கை தட்டின் விளிம்பில் இருந்தது. அப்போது பையில் போன் அடித்தது. மகள்.

பின்னால் டிராக்டர் இரைச்சல். அவள் கத்திப் பேசினாள். "அப்பா! பாதி வயல் போட்டாச்சு!"

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"நீங்கதானே முக்காவாசி முடிஞ்சுதுன்னீங்க? ஈரம் போயிடுமேன்னு நான்தான் ஆரம்பிக்கச் சொன்னேன். இருங்க, அவர் பேசணுமாம்."

மாப்பிள்ளை வாங்கினார். ஒரு வருஷம் கழித்து அந்தக் குரலைக் கேட்கிறேன்.

"மாமா, போன வருஷம் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பூட்டுப் போட்டுச் சோதிக்கிற மனுஷன் ஏமாத்துவாரான்னு இவ கேட்டா. எனக்குப் பதில் வரல. அந்தச் சோதனைப் பொண்ணு சொல்றதெல்லாம் இருக்கட்டும், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. மீதியையும் இறக்கிடவா?"

மைத்துனனுக்கு எல்லாம் கேட்டது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் கிள்ளுவதுபோலக் காட்டினான். 'சரின்னு சொல்லுங்க' என்று சத்தமில்லாமல் வாயை அசைத்தான். ஒரே வார்த்தை. அதைச் சொன்னால் இன்று சாயங்காலமே மகள் என் வீட்டுக்கு வருவாள். மாப்பிள்ளை என் நாற்காலியில் உட்காருவார். இரண்டு மாதத்துக்கு அப்புறம் இலை குழியும்போது, அசுவினி வந்துவிட்டது என்று நானே முதலில் சொல்லிக்கொள்ளலாம்.

அவர்கள் அதையும் நம்புவார்கள். தட்டின் விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"மாமா? கேக்குதா?"

"டிராக்டரை நிறுத்துங்க மாப்பிள்ளை."

"என்ன?"

"நிறுத்தச் சொல்றேன். விதையில இருக்கு."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. நானே போனை வைத்தேன்.

"கெடுத்தீங்க" என்றான் மைத்துனன்.

"உன் கடையில மீதி இருக்கிற மூட்டையைச் சமைக்கிறவங்களுக்கு வித்துக்கோ. தின்னா ஒண்ணும் ஆகாது. விதைன்னு ஒரு படி வித்தாலும், உன் கடை வாசல்ல நின்னு நானே கத்துவேன்."

நான் கத்துவேன் என்று அவனுக்குத் தெரியும்.

பூதக்கண்ணாடி திரும்பி வந்து ஆறு செடியையும் போட்டோ எடுத்தாள். எண்ணிப் பார்த்தபோது ஆறும் இருந்தன. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள்.

"ஆறுதானேம்மா. மீதி நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்தது.

"ஆறு போதுங்கய்யா. விதை நோயை வயலுக்குள்ள கொண்டு வந்து இறக்கிவிட்டுடுது. அப்புறம் அசுவினி வீடு வீடா எடுத்துட்டுப் போகுது. நீங்களும் உங்க மாப்பிள்ளையும் ஆளுக்குப் பாதி சரி." கேமராவை மூடினாள். "அந்தச் சிவப்பு நாடா விஷயத்தை நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். முளைக்கட்டும்னு விட்டேன். ஜெயிச்ச செடின்னு நீங்க எடுத்தது எல்லாம் உள்ள வைரஸை வெச்சுக்கிட்டே காய்ச்ச செடி. வருஷாவருஷம் நல்ல விதையைத் தள்ளிட்டு நோயைப் பொறுக்கி எடுத்திருக்கீங்க."

இப்படி என் முகத்துக்கு நேராக யாரும் பேசியதில்லை. பேசியிருந்தால் விட்டிருக்கவும் மாட்டேன். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"பாதி வயல் போட்டுட்டாங்க. என்ன பண்றது?"

"மூவிலை வந்ததும் தேமல் தெரியிற செடி எல்லாத்தையும் வேரோட பிடுங்கணும். வயல்லயே போடக் கூடாது, சாக்குல கட்டி வெளிய கொண்டு போகணும். அசுவினி பறந்து வர்றதுக்குள்ள முடிக்கணும். மீதிப் பாதியில மக்காச்சோளம் போடச் சொல்லுங்க. அது உயரமா நின்னா பூச்சி முதல்ல அங்க இறங்கும். வயலுக்குள்ள வர்றது குறையும்."

"அப்படிப் பண்ணா பிழைக்குமா?"

"தெரியாதுங்கய்யா" என்றாள்.

இந்த முறை சம்பளத்தைப் பற்றி நான் பேசவில்லை. பூட்டைக் கழற்றி அவள் மேஜையில் வைத்தேன். "அடுத்த ஆளுக்கு உதவும்" என்றேன்.

வயலுக்குப் போனபோது மாப்பிள்ளை டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் மீதி மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், நாடா உட்பட. மகள் முகத்தில் ஈயாடவில்லை.

மாப்பிள்ளை ரொம்ப நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, "போன்ல சரின்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்" என்றார்.

"தெரியும்."

"இப்ப நம்பாம இருக்க முடியல. அதுதான் எரிச்சலா இருக்கு." எழுந்து பின்புறத்தைத் தட்டிக்கொண்டார். "மக்காச்சோளம் எங்க கிடைக்கும்?"

மைத்துனன் கடையில் இருந்தது. முனகிக்கொண்டே கொடுத்தான்.

மூவிலை விரிந்த அன்று காலையிலேயே மூன்று பேரும் வயலில் இறங்கினோம். நல்ல வெயிலில் தேமல் கண்ணுக்குப் பிடிபடாது. குனிந்து நம் நிழலைச் செடிமேல் விழவைத்துப் பார்க்க வேண்டும். மகளுக்குக் கண் கூர்மை, அவள் முன்னால் போனாள். தோளில் என் பழைய பை தொங்கியது. அதிலிருந்து சிவப்பு நாடாவை எடுத்து நோய்ச் செடியில் முடிச்சுப் போட்டுக்கொண்டே போனாள். எங்கே எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. நான் பின்னால், சாக்கோடு. நாடா இருக்கும் செடியைப் பிடுங்கி, உள்ளே போட்டு, அடுத்ததற்கு நகர வேண்டும்.

மாப்பிள்ளை வரப்போரம் இலைகளைப் புரட்டிக்கொண்டே போனார். "இல்ல... இங்கயும் இல்ல..." என்று அவர் குரல் வந்துகொண்டிருந்தது. நடு வரிசையை நாங்கள் தாண்டியபோது அது நின்றது.

"மாமா, ஒண்ணு வந்துடுச்சு. இறக்கை வெச்சது."

"எங்க?"

"சோளத்துல."

"வயலுக்குள்ளயா?"

"இன்னும் இல்ல."

"அப்போ பேசாதீங்க, பாருங்க."

மகள் நடையைக் கூட்டினாள். எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கையால் முட்டியை ஊன்றி ஊன்றி நகர்ந்தேன். நாடா, வேர், சாக்கு. நாடா, வேர், சாக்கு. கடைசிக்கு முந்தின வரிசையில் அவள் ஒரு செடியில் கட்டிவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

நெருங்கிப் பார்த்தேன். வரிசையிலேயே உயரமான செடி அதுதான். தண்டு மற்றதைவிடத் தடித்திருந்தது. குருத்து நிமிர்ந்து நின்றது. இலையில் மட்டும் அந்தத் திட்டு, அதுவும் லேசாக. என் நிழலை விழவைத்தால்தான் தெரிந்தது. இத்தனை வருஷமாக நான் தேடித் தேடிக் கட்டியது இந்த மாதிரிச் செடியைத்தான்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடியில் பிடித்து இழுத்தேன். ஆழமாக வேர் விட்டிருந்தது, சட்டென்று வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்தேன். மண்ணோடு வந்தது. மண்ணை உதறி, நாடாவோடு அப்படியே சாக்கில் போட்டு, வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"ம், போ" என்றேன். "இன்னும் ஒரு வரிசை இருக்கு."